இரவல் நீலம்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
9 பெப்ரவரி 2025

அன்பின் டனிஸ்ரன் அண்ணாவுக்கு,

ஒருநாளும் பேசிப் பழகாதவள் திடீரென்று கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எடுக்கலாம்தான். அறிமுகமில்லாதவர்களோடு கதைக்க வெளிக்கிட்டால் பாதியில் வைத்துவிடுவேன். எழுதினால் கொஞ்சம் சமாளிப்பேன்.

நான் றொஷினி, உங்கள் சித்தப்பா வின்சன்டின் மகள். நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். வாசல் படிகள் பனிக்குள் மறைந்துவிட்டன. அப்பா இன்னும் பள்ளிக்கூட பஸ்தான் ஓட்டுகிறார். நான் போன வருடம் பட்டம் முடித்தேன். இந்த வீட்டில் அது முதல் பட்டம் என்பதால் எந்தக் கடிதமென்றாலும் "நீ படிச்சனீ, நீ எழுது" என்று என்னிடமே வந்துவிடும். இப்போது கர்க்லாண்டில் ஒரு மருந்துக் கம்பனியில் வேலை. பெட்டிக்கு மேலே அச்சடித்திருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் பொறுப்பு.

எழுதுவதற்கான காரணம் இதுதான். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் ஒவ்வொரு ஆவணியும் இங்கே உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துகிறது. இது இருபத்தைந்தாவது வருடம். தலைவர் அப்பா. நீங்கள் பிரதம விருந்தினராக வந்து முதல் பந்தை உதைக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். பயணச் செலவு கழகத்துடையது. தங்குவது எங்கள் வீட்டில்.

உங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா அனுப்பிய படம் எங்கள் விறாந்தையில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரான்ஸ் அணியின் நீலச் சட்டையோடு, சேவல் சின்னம் நெஞ்சில். யார் வந்தாலும் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அதைத்தான் பார்ப்பார்கள்.

அப்பா இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

தங்கை,
றொஷினி


பொண்டி, பிரான்ஸ்
2 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி றொஷினி,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒருவரும் கடிதம் எழுதியதில்லை, நான் விளையாடிய கழகங்கள்கூட. அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டு அழுதா. அவவுக்குச் சுகர் கொஞ்சம் கூட, மற்றும்படி பிழையில்லை. நான் சுகம். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் பிறகு அம்மா அடித்துப் படிப்பித்தது. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்.

வரத்தான் ஆசை. சித்தப்பாவை நான் கடைசியாகக் கண்டது ஆறு வயதில், மன்னாரில். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மட்ச் பார்ப்பார். கோல் விழுந்தால் நான் தோளில் இருப்பதை மறந்து துள்ளுவார்.

ஆனால் அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது. தேசிய அணி எங்கள் பகுதியில் பயிற்சிக்கு வந்தது. அவர்கள் எதிர்த்து விளையாடிப் பழகுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் கழகத்தின் இளைஞர்களைக் கூப்பிட்டார்கள். போடுவதற்கு அவர்களுடைய பழைய பயிற்சிச் சட்டைகளைத் தந்தார்கள். முடிந்ததும் ஒருவர் பெரிய பையோடு வந்து எல்லாச் சட்டையையும் எண்ணி வாங்கினார். அவர் எங்கள் பக்கம் வருவதற்குள் ஒரு நண்பன் எடுத்த படம் அது. நான் பிரான்ஸுக்கு ஒருநாளும் விளையாடவில்லை. பெரும்பாலும் இரண்டாம் பிரிவு, கடைசியில் மூன்றாம் பிரிவு. முதற்பிரிவில் ஒரு குளிர்காலம் முழுவதும் மாற்று வீரர்களின் வாங்கில் குந்தியிருந்து இரண்டு தரம் உள்ளே போனேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

சித்தப்பாவையும் சின்னம்மாவையும் கேட்டதாகச் சொல்லு.

அண்ணா,
டனிஸ்ரன்


ரொக்ஸ்பரோ
16 மார்ச் 2025

அன்பின் அண்ணா,

பெரியம்மா சுகரைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். வீதியில் பனி உருகிச் சேறாகிக் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அப்பாவுக்கு வாசித்தேன். தோளில் வைத்து மட்ச் பார்த்த இடத்தில் அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து இருந்தார். அதற்குள் நான் ஒரு தாளைப் புரட்டிவிட்டேன். படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசிக்கவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். அப்பாவின் முகம் அப்போது அப்படி இருந்தது.

"பாத்தியே, வாறன் எண்டு எழுதியிருக்கிறான். என்ர பெறாமகன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"வரத்தான் ஆசை எண்டுதானே எழுதியிருக்கிறார்" என்றேன்.

"அது தமிழாக்கள் வாறன் எண்டு சொல்லுறது அப்பிடித்தான்."

உங்கள் ஆட்டத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள், அண்ணா. எனக்கு உதைபந்து தெரியாது. பின்கள வீரர் என்றால் என்ன செய்வார் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. இருபத்தைந்தாவது வருட மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கழகத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

தங்கை,
றொஷினி


பொண்டி
6 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சி,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து சந்தோசம். அம்மாவின் சுகர் இறங்கியிருக்கிறது. எனக்கு இடது முழங்கால் மழை வருவதை முதலே நொந்து சொல்லிவிடும். நான் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையில் சப்பாத்துப் பகுதியில் நிற்கிறேன். பிள்ளைகளுக்குப் பூட்ஸ் போட்டுப் பார்க்கும்போது முழங்காலில் நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம், மற்றும்படி நல்ல வேலை.

பின்கள வீரர் என்ன செய்வார் என்று கேட்டாய். எங்கள் பயிற்சியாளர் என்னைப் பதினான்கு வயதில் முன்களத்தில் இருந்து பின்னுக்கு இழுத்தார். "உனக்குக் கோபம் வருவதில்லை, ஆகவே நீ பின்னுக்கு நில்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பத்திமூன்று வயது வரை நின்றேன். பின்கள வீரர் தன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு ஒருவரும் கை தட்டுவதில்லை. ஒருமுறை கிண்ணப் போட்டியில் பெரிய கழகத்தின் பெயர் போன முன்கள வீரரை ஆட்டம் முழுவதும் திரும்ப விடவில்லை. அடுத்த நாள் பேப்பரில் "அவருக்கு நேற்று நல்ல நாள் இல்லை" என்று போட்டிருந்தது. அந்த நாளைக் கெடுத்தது நான். என் பெயர் இல்லை.

பெயரும் முழுவதாக இல்லை. சூசைதாசன் என்பது சட்டை முதுகில் அடங்காது என்று 'டனி' என்று போட்டார்கள். அதனால் நீங்கள் தேடினாலும் என்னைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கடைசிக் கழகம் வடக்கில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மஞ்சள் சட்டை. காற்று அடித்தால் கோல் உதை திரும்பி எங்களிடமே வரும். அங்கேதான் ஆறு வருடம் இருந்தேன். சனம் மீன் வேலை செய்கிற சனம், எங்கள் ஊர் மாதிரி. அங்கேதான் முழங்காலும் போனது. ஒப்பந்தம் முடிந்ததைத் தொலைபேசியில் சொன்னது கழகத்தின் செயலாளர் பெண். சொல்லும்போது அவவுக்கு அழுகை வந்து, நான்தான் ஆறுதல் சொன்னேன்.

மலருக்கு இதில் எது உதவுமோ எடு. நோட்டீஸ் அடித்தால் ஒன்று அனுப்பு, அம்மா பார்க்க ஆசைப்படுகிறா.

அண்ணா,
டனிஸ்ரன்


ரொக்ஸ்பரோ
21 ஏப்ரல் 2025

அன்பின் அண்ணா,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துக்கள். எல்லோரும் நலம். முழங்காலுக்கு அம்மா ஒரு எண்ணெய் அனுப்பச் சொல்கிறா, பார்சலில் வரும்.

நோட்டீஸ் அடித்தாயிற்று. இந்தக் கடிதத்தோடு வைக்க மறந்துவிட்டேன். பிறகு அனுப்புகிறேன்.

இரண்டு கிழமைக்கு முதல் எங்கள் பங்குக் கோவில் நிலக்கீழ் மண்டபத்தில் சுற்றுப்போட்டிக் கூட்டம் நடந்தது. நான் மலருக்குக் குறிப்பெடுக்கப் போனேன். எல்லாக் கழகங்களில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். டொலார்ட் பக்கத்துக் கழகத்தின் இரவிச்சந்திரன் அங்கிள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் கேட்டார்:

"வின்சன்ட் அண்ணை, நான் தொண்ணூற்றெட்டில இருந்து பிரான்ஸ் விளையாடின ஒரு மட்ச் விடேல்லை. ஒரு தமிழ்ப் பொடியன் நிண்டிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமே?"

எங்கள் கழகத்துப் பத்திநாதர் அங்கிள் விடவில்லை. "நீ மட்ச் பாக்கிறது ஆருக்குத் தெரியாது? முதல் பாதியிலேயே குறட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். இரவிச்சந்திரன் அங்கிளும் சிரித்தார். அப்பா மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். "அவன் வரேக்க அவனையே கேளன்" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த றோல்ஸை எல்லோருக்கும் நீட்டினார். என்னை மட்டும் தாண்டிப் போனார். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.



தங்கை,
றொஷினி


பொண்டி
18 மே 2025

தங்கச்சி றொஷினி,

நாங்கள் சுகம். எண்ணெய் கிடைத்தது, சின்னம்மாவுக்கு நன்றி.

நேற்று பாரிஸ் லா ஷப்பலில் ஒரு தமிழர் சலூனில் தலைமயிர் வெட்டப் போனேன். வெட்டுகிறவர் தன் போனில் உங்கள் நோட்டீஸைக் காட்டினார். மொன்றியலில் இருக்கும் அவருடைய மச்சான் அனுப்பியதாம். என் படத்துக்குக் கீழே 'பிரான்ஸ் தேசிய அணியின் முன்னாள் பின்கள வீரர்' என்று இருக்கிறது. கடையில் இருந்தவர்கள் எழும்பி எனக்குக் கை தந்தார்கள்.

அந்த வரியை ஆர் எழுதினது?

டனிஸ்ரன்


ரொக்ஸ்பரோ
30 மே 2025

அன்பின் அண்ணா,

நீங்கள் சுகமென்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே இருந்த கேள்வியை வாசித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதினது நான்.

வசனத்தைச் சொன்னது கழகம். தட்டச்சுச் செய்தது நான். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, நீல நிறம் கொடுத்ததும் நான். உங்கள் மார்ச் மாதக் கடிதம் அப்போது என் மேசை லாச்சிக்குள் இருந்தது. வேலையில், ஒரு மாத்திரைப் பெட்டியில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்துகிற அதிகாரம் எனக்கு இருக்கிறது. நிறுத்தியும் இருக்கிறேன். வீட்டில் ஒரு வரியை நிறுத்த வாய் வரவில்லை.

அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை, அண்ணா. அப்பாவைப் பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது. கலியாண வீடுகளில் அவர் என்னைக் காட்டி "பிரான்ஸுக்கு விளையாடினவன்ர தங்கச்சி" என்று சொல்லும்போதெல்லாம் நிலம் பிளக்காதா என்றிருக்கும். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த வெட்கம் கூடியது. அவரோடு முகம் கொடுத்துக் கதைத்தால் அது வெளியே வந்துவிடும் என்று பயந்து, கதைப்பதற்குப் பதிலாக அவர் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தேன்.

நீங்கள் வர வேண்டாம் என்று நினைத்தால் எனக்கு விளங்கும்.

பெரியம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

றொஷினி


பொண்டி
12 யூன் 2025

அன்புத் தங்கச்சி,

சாப்பிடு. முதலில் அது. அம்மாவும் அதைத்தான் எழுதச் சொன்னா. அவவுக்குச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. அவவிடம் ஒன்றும் மறைக்க ஏலாது.

உன்னைக் கேட்ட மாதிரி என்னையும் கேட்டுக்கொண்டேன். அந்தச் சலூனில் கை தந்தபோது நான் கையை நீட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. தலைமயிர் வெட்டின காசையும் அவர் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்க விருப்பமில்லாமல் இருந்தது.

என் அப்பா அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினது எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் 'உன்ர பெறாமகன்' என்று மட்டும் எழுதினார். வேறு ஒரு விளக்கமும் இல்லை. ஏன் அந்தப் படம், மஞ்சள் சட்டைப் படங்கள் எவ்வளவு இருக்க, என்று நான் கேட்டிருக்கலாம். மகனை நீலத்தில் பார்க்க அவருக்கு ஆசை என்று நினைத்தேன். மஞ்சளில் நின்ற மகன் போதாது என்றும் நினைத்தேன். அதைக் கேட்காமலே அவர் செத்துப்போனார்.

நான் வரவில்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை என்று சித்தப்பாவிடம் சொல்லு. எல்லோருக்கும் அது போதும். நெருக்கடி என்றால் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட வேண்டும், அழகு பார்க்கக் கூடாது. எனக்குப் படிப்பித்தது அதுதான்.

சித்தப்பாவோடு கோபிக்காதே.

அண்ணா,
டனிஸ்ரன்


ரொக்ஸ்பரோ
29 யூன் 2025

அன்பின் அண்ணா,

நீங்களும் பெரியம்மாவும் சுகமென்று நம்புகிறேன். நான் சாப்பிடுகிறேன். அம்மாவும் சுகம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அப்பா பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "டனிஸ்ரன் அண்ணாவுக்குக் காலில ஒப்பரேசனாம், வரேல்லையாம்" என்றேன். அவர் குழாயை மூடினார்.

"எந்தக் கால்?"

"இடது."

"அது அவனுக்கு எத்தினை வருசமா நோகுது. இப்ப நொந்தது என்னாலை" என்றார்.

பிறகு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். நான் நின்றேன்.

"நீ அண்டைக்கு வாசிக்கேக்க ஒரு தாளைப் புரட்டினனீ. நான் பாத்தனான். என்ன எழுதியிருப்பான் எண்டும் தெரியும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படம் வந்த புதிதில் அதைக் கொண்டு போய்க் காட்டியபோது முதலில் கேட்டது ஒரு பக்கத்து வீட்டுக்காரராம். "பிரான்ஸ் ரீமோ?" என்று அவர் கேட்க அப்பா பதில் சொல்லாமல் சிரித்தாராம். அப்போது அப்பாவுக்கு இங்கே தங்குவதற்கான பேப்பர்கள் கிடைக்கவில்லை. இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். "அண்டைக்கு அந்த வீட்டில எனக்கு முதல் முறையா இருக்கக் கதிரை தந்தவங்கள், பிள்ளை. பேந்து எழும்ப மனம் வரேல்லை" என்றார். பெரியப்பாவின் செத்த வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தபோதும், அந்தப் படத்துக்கு முன்னால்தான் மெழுகுதிரி கொளுத்தினாராம்.

நான் அவரோடு சேர்ந்து பஸ்ஸைத் துடைத்தேன். அதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு நிலக்கீழ் மண்டபத்தில் எல்லாக் கழகங்களும் கூடின. அப்பா எழும்பினார். உங்கள் காலைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நோட்டீஸில இருக்கிறது பிழை. என்ர பெறாமகன் தேசிய அணிக்கு விளையாடேல்லை. அவன் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதும் இல்லை. கேட்ட ஆக்களுக்கு இல்லை எண்டு சொல்லாமல் விட்டது நான். பிள்ளையைக் கொண்டு அடிப்பிச்சதும் நான்."

  இரவிச்சந்திரன் அங்கிள்தான் முதலில் கேட்டார்.

"அப்ப அவர் எங்கை விளையாடினவர்?"

"இரண்டாம் பிரிவு. மூண்டாம் பிரிவும். முப்பத்திமூண்டு வயது வரைக்கும்."

"சம்பளம் குடுத்தவங்களே?"

"ஓம்."

"பன்ரண்டு, பதின்மூண்டு வருசமா பந்து அடிக்கச் சம்பளம். எங்களுக்கு றெஸ்ரோரண்டில கோப்பை கழுவத்தான் தந்தவங்கள்."

பத்திநாதர் அங்கிள், "உனக்கு அதுவே கூட" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. பின் கதிரையில் ஒருவர் "இத்தினை வருசமா எங்களைப் பேயராக்கி வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அப்பா அவர் பின்னால் போகப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டார். தலைவர் பதவியை அன்றே விட்டுவிட்டார். இன்றைக்குப் பூசையில் கடைசி வாங்கில் இருந்தார். நாங்களும் அவரோடு அங்கேதான் இருந்தோம்.

நீலப் படத்தை அவரே கழற்றி, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். எறியவில்லை. ஆணி இருக்கிறது. அம்மா அதில் பங்குக் கோவில் கலண்டரை மாட்டப் போனா, அப்பா விடவில்லை.

இத்தோடு புதிய நோட்டீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த முறை மறக்கவில்லை. 'பிரான்ஸ் இரண்டாம் பிரிவுக் கழகங்களின் முன்னாள் பின்கள வீரர் டனிஸ்ரன் சூசைதாசன்' என்று இருக்கிறது. முழுப் பெயரும் ஒரு வரியில் அடங்கியது. கழகம் உங்கள் பெயரை நீக்கச் சொல்லவில்லை. எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

மாசி மாதம் அப்பா கேட்கச் சொல்லி நான் எழுதாமல் விட்ட விசயம் என்னவென்றால், வரும்போது அந்த நீலச் சட்டையைக் கொண்டு வருவீர்களா என்பது. அது உங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை என்று தெரிந்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. இப்போது அப்பா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. உங்களிடம் எதையும் கேட்கத் தனக்கு முகம் இல்லை என்கிறார். எனக்கும் இல்லை. ஆனாலும் நான் கேட்கிறேன்.

கால் நோகட்டும், அண்ணா, வாருங்கள். பந்தை மெதுவாகத் தட்டினால் போதும். வரும்போது அந்த மஞ்சள் சட்டையோடு நிற்கிற படம் ஒன்று கொண்டு வந்து, எங்கள் விறாந்தை ஆணியில் உங்கள் கையாலேயே மாட்டிவிடுவீர்களா?

தங்கை,
றொஷினி